ஓஹ்ரிட் ஏரிக்கரையில் ஒரு பகல்

நம் கடற்கரை ஊர்களில் ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது மட்டும் பொருளன்று. பொருள் தேடிக் கடல் கடந்து போவதற்கே அச்சொல் நம் வழக்கில் உரிமையாகிவிட்டது. பாட்டனார் காலத்தில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று நீண்ட சபர் பின்னர் வளைகுடாப் பக்கம் திரும்பிற்று. அதை விட்டால் ஹஜ்ஜுப் பயணம். பிழைப்பும் கடமையும் இன்றி, சும்மா இருப்பதற்கென்றே வேற்று நாட்டு ஊர் ஒன்றுக்குச் செல்வது நம் வீடுகளில் அண்மைக்காலம் வரை பேச்சில்கூட எழுந்ததில்லை.

எங்களுள் ஒருவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் சபரில் இருந்தவர். மற்றவர் அதே முப்பத்திரண்டு ஆண்டுகள் வீட்டில் இருந்தவர். ஈராண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. கூட்டிப் பார்த்தால் சேர்ந்து வாழ்ந்த காலம் மூன்று ஆண்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே, ஜெர்மனியில் பணிபுரியும் மகன் வடமாசிடோனிய நாட்டின் ஓஹ்ரிட் நகரில் எங்களுக்கு விடுதி பேசி வைத்தபோது, “அங்கே நமக்கு என்ன வேலை?” என்று வீட்டில் இருந்தவர் கேட்டதில் வியப்பில்லை. வேலை ஒன்றும் இல்லை என்பதே விடை.

ஓஹ்ரிட் ஏரி கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 690 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே கிடக்கிறது. மிக ஆழமான இடத்தில் 288 மீட்டர். அதன் வயது பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்கின்றனர் ஆய்வாளர். கிழக்கே கலிச்சிட்சா மலைக்கு அப்பால், இதைவிடச் சுமார் 150 மீட்டர் உயரத்தில் பிரெஸ்பா ஏரி உள்ளது. அதன் நீர் சுண்ணாம்புப் பாறைகளினூடே கசிந்து, மலைக்கு அடியில் வந்து, இவ்வேரியில் ஊற்றுகளாகப் பெருகுகிறது. நீரின் தெளிவைச் சொல்லி முடியாது. அடியிற் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். உப்புக் காற்றிலே வளர்ந்த எங்களுக்கு உப்பில்லாத கடலைக் கண்டது போலிருந்தது. எங்கள் கடல் ஆளைக் கொண்டுபோகிற கடல்; இந்நீரோ எங்கும் கொண்டுபோவதாகத் தெரியவில்லை.

குளிக்கும் துறைகளிலுள்ள கூட்டமும் கூச்சலும் நம் குடும்பத்தார்க்கு உகந்தவையல்ல. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. ஆனால் சற்றுத் தள்ளி நடந்தால் மரநிழலில் அல்பேனிய முஸ்லிம் குடும்பங்கள் அமர்ந்திருக்கக் காணலாம். தலையை மறைத்த பாட்டிமார் தர்ப்பூசணி அறுத்துக்கொண்டிருந்தனர். எங்கள் ஸலாமுக்கு முழுமையாகப் பதில் வந்தது. கூடவே ஆளுக்கொரு கீற்றும் வந்தது.

1912 வரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் உதுமானியர் ஆண்ட ஊர் இது. பழைய கடைத்தெருவில் மிகத் தொன்மையான சினார் மரமொன்று நிற்கிறது. அத்தெருவிலேயே உள்ள அலி பாஷா பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். இங்குள்ளோர் ஹனஃபிகள். நாங்கள் ஷாஃபிஈகள், அதிலும் பயணிகள். உள்ளூர் இமாமைப் பின்பற்றியதால் நான்கு ரக்அத்தும் நிறைவாகத் தொழுதோம். பிறகு அஸரைச் சுருக்கி, முன்கூட்டிச் சேர்த்துத் தொழுதுகொண்டோம். வெளியே வந்தபோது மணி ஒன்றரை. இந்நாட்டுக் கோடையில் மஃரிப் எட்டு மணிக்குப் பிறகுதான். மார்க்கம் பயணிக்குத் தந்த சலுகையால் ஏறத்தாழ ஏழு மணி நேரம் எந்த அழைப்பும் இன்றி எங்கள் கையில் இருந்தது. இத்தனை நீண்ட நேரம் எங்கள் மணவாழ்வில் முன்பு வாய்த்ததாக நினைவில்லை.

முதலில் உறங்கினோம். நண்பகல் உறக்கமாகிய கைலூலா ஸுன்னத் என்பது கிழவர்களுக்கு எத்துணை ஆறுதலான செய்தி! எழுந்து கடைத்தெருவில் உலவினோம். ‘ஓஹ்ரிட் முத்து’ என்று மாலைகள் தொங்கின. சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த மணிக்கு, இவ்வேரியின் பிளாஷிட்சா என்னும் சிறுமீனின் செதிலிலிருந்து எடுத்த குழம்பைப் பலமுறை பூசி மெருகேற்றுகின்றனர். முத்துக் குளித்த கரையில் பிறந்தவரிடம் அது செல்லுமா? அவர் ஒரு மணியை வெயிலில் தூக்கிப் பார்த்து, “முத்தில்லை. ஆனாலும் அழகுதான்” என்று தீர்ப்புச் சொல்லி, பேத்திக்கு ஒன்று வாங்கினார்.

பின்பு கரைக்கல்லில் அமர்ந்தோம். பேச்சு தானாகக் கடிதங்களுக்குப் போயிற்று. ‘786’ இட்டு, ஸலாம் எழுதி, ‘இங்கு யாவரும் நலம்’ என்று தொடங்கிய கடிதங்கள். 1987இல் இளையவனுக்கு டைஃபாய்டு கண்டு இருபது நாள் கிடந்ததை அக்கடிதங்கள் சொன்னதில்லை. அங்கிருந்து வந்தவையும் அப்படியே. சாரத்திலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது, வேறொருவரைக் கொண்டு எழுதுவித்து, ‘வேலை மிகுதியால் கையெழுத்து மாறியுள்ளது’ என்று சேர்த்திருந்தது.

“அப்போதே தெரியும். வேலை மிகுந்தால் எழுத்து கோணும், அழகாகவா மாறும்?” என்றார் வீட்டில் இருந்தவர்.

நெடுநேரம் சிரித்தோம். அருகிலிருந்த பாட்டிமார் காரணம் அறியாமலே எங்களுடன் சேர்ந்து சிரித்தனர்.

சூரியன் அல்பேனிய மலைகளுக்குப் பின்னே இறங்கிற்று. ஏரி நீரில் ஒளூச் செய்தோம். கோடையிலும் கைவிரல் விறைத்தது. மஃரிபைத் தொழுது முடித்தபோது இஷாவுக்கு இன்னும் நேரம் இருந்தது. 1987இல் நின்றிருந்த பேச்சை 1988லிருந்து தொடர்ந்தோம்.