ரஃப் நோட்டும் ஃபேர் நோட்டும்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எந்தப் பாடத்துக்கும் இரட்டை வேலை. முதலில் 'புரூயோன்' எழுத வேண்டும். அடித்துத் திருத்திக் கிறுக்குகிற தாள் அது. பிறகு அதையே மைப் பேனாவால் சுத்தமாகப் படியெடுத்தால்தான் ஆசிரியர் கையில் வாங்குவார். அரசு அலுவலகத்திலும் அதே கதைதான். முதலில் டிராஃப்ட், அப்புறம் ஃபேர் காப்பி. அதில் கையெழுத்து விழுந்துவிட்டால் அது அலுவலகம் கொடுத்த வாக்கு.

என் தங்கையின் பேரன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். மீன், இறால் வைக்கும் குளிர் அறைகளுக்கு ஒரு கருவி செய்தான். உள்ளே வெப்பம் ஏறினால் முதலாளியின் செல்போனுக்குத் தகவல் போகும். சுவரில் மாட்டிய சின்னத் திரையில் நாள் முழுவதற்குமான கோடு தெரியும். உள்ளே பார்த்தால் ராஸ்பெரி பை என்கிற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர், சுற்றிலும் கலர் கலராக ஒயர், மேலே செல்லோடேப். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அதைப் பார்த்த வியாபாரி ஒருவர் ஐம்பது கருவி கேட்டார். பையனின் அம்மா தன் நகையை பேங்கில் வைத்துப் பணம் புரட்டிக் கொடுத்தாள்.

ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவந்தான். கொள்முதல் பிரிவில் இருந்தவன் அல்லவா நான்! நான்காவது பத்தியில் என் கண் நின்றது. ஐந்து வருஷத்துக்குள் எது பழுதானாலும் சரிசெய்தோ மாற்றியோ தர வேண்டும் என்று இருந்தது.

"இந்த கம்ப்யூட்டர் பலகை ஐந்து வருஷம் கழித்தும் கிடைக்குமாடா?" என்றேன்.

"அதை விட வேகமானது வந்துடும், தாத்தா."

"நான் வேகத்தைக் கேட்கலையே."

எனக்கு ஏன் அந்தக் கவலை என்றால், 80-களில் எங்கள் அலுவலகம் ஒன்றில் வெளிநாட்டு நகல் இயந்திரம் ஒன்றை வாங்கினார்கள். மற்ற எல்லாவற்றையும் விட வேகம் அதிகம் என்பதுதான் கோப்பில் எழுதிய காரணம். மூன்றாம் வருஷம் டிரம் போயிற்று. விற்ற கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிட்டது. பல வருஷம் அது துணி போர்த்தியபடி மூலையில் நின்றது. வருஷா வருஷம் ஸ்டாக் சரிபார்க்கும்போது 'இயந்திரம் ஒன்று, இருக்கிறது' என்று எழுதுவோம். இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த சில வாரங்கள் பையன் எனக்குப் பாடம் எடுத்தான். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அவன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, அதே பலகையை டப்பாவில் போட்டுக் கொடுப்பது. ஆனால் அவன் வைத்திருந்த பலகை எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் எழுதிக்கொள்கிறது. எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கார்டு கெட்டுப்போகலாம். குளிர் அறையில் கரண்ட் போகும் நேரம்தான் இந்தக் கருவியே தேவைப்படுகிற நேரம்!

இரண்டாவது வழி, ஈ.எஸ்.பி.32 போன்ற சின்ன மாட்யூல். விலை மிகக் குறைவு, மின்சாரமும் கொஞ்சம்தான் குடிக்கும். ஆனால் அவன் எழுதிய நிரல் முழுவதையும் அதற்காக மறுபடி எழுத வேண்டும். ஐயாயிரம் கருவி செய்பவனுக்கு அந்த உழைப்பு லாபம். நான்கு மாதத்தில் ஐம்பது கொடுக்க வேண்டியவனுக்கு, மிச்சமாகும் காசை விட போகும் நாள் பெரிது.

மூன்றாவது, கம்ப்யூட் மாட்யூல். அதே ராஸ்பெரி பையின் மூளையை மட்டும் தனியாக எடுத்தது போல. நினைவகத்தைப் பலகையிலேயே பற்றவைத்த ரகமும் உண்டு. ஒயர் இணைப்புகளுக்கான அடிப்பலகையை நாமே வடிவமைத்துக்கொண்டு, மேலே இதை அழுத்திப் பொருத்த வேண்டும். எழுதிய நிரல் பெரும்பாலும் அப்படியே ஓடும்.

"சரி, அந்த மூளையே நின்றுபோனால்?" என்று மறுபடி கேட்டேன். அப்போதுதான் அவன் தேட ஆரம்பித்தான். இந்த மாட்யூல் முதலில் 2014-ல் லேப்டாப் மெமரி மாதிரியான வடிவத்தில் வந்தது. 2020-ல் நான்காவது மாடல் வந்தபோது வடிவமே மாறிவிட்டது. 55-க்கு 40 மில்லிமீட்டர், அடியில் நூறு நூறு முனையுள்ள இரண்டு இணைப்பிகள். பழைய வடிவத்தை நம்பி அடிப்பலகை செய்தவர்களுக்காகப் பிறகு தனியாக ஒரு ரகம் விட வேண்டியிருந்தது. 2024-ல் வந்த ஐந்தாவது மாடல் நான்காவதன் அளவிலேயே இருக்கிறது. அதே அளவில் வேறு கம்பெனிகளும் செய்கின்றன. எல்லாம் அப்படியே பொருந்தாது, ஆனாலும் ஒரே கடையை நம்பி நிற்க வேண்டாம். எந்த வருஷம் வரை தயாரிப்போம் என்று கம்பெனியே அறிவித்தும் இருக்கிறது.

அறிவிப்பு மட்டும் போதாது என்றேன். 2021-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தபோது இந்தப் பலகைகளுக்கு எத்தனை பேர் காத்துக்கிடந்தார்கள் என்று அவனுக்கே தெரியும். அந்த வருஷம் அக்டோபரில்தான் ராஸ்பெரி பை தன் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு பலகையின் விலையை ஏற்றியது. ஆகவே ஐம்பதுக்கு அறுபது மாட்யூலாக வாங்கச் சொன்னேன். உபரி பத்தும் ஐந்து வருஷ வாக்குக்கான காப்பு.

கரண்ட் போனால் முறையாக எழுதி முடித்து மூடிக்கொள்ள ஒரு சின்ன பேட்டரியும் சேர்த்தான். வைஃபைக்கு மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தரும் ஒப்புதல் வேண்டும் என்பதை நான் நினைவூட்டினேன். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மாட்யூலை எடுத்தால் அந்த அலைச்சலில் பெரும்பகுதி மிச்சம்.

இப்படிக் கருவி செய்கிற பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்கு வேகமும் விலையும் நம்மை விட நன்றாகத் தெரியும். நாம் கேட்க வேண்டியது வேறு. எத்தனை வருஷம் கிடைக்கும்? இது இல்லாவிட்டால் எது? கரண்ட் போனால் என்ன ஆகும்? பழுதானால் யார் போய்ப் பார்ப்பது?

முதல் பத்துக் கருவிகள் போன மாதம் மாட்டியாயிற்று. இரண்டு தடவை மின்தடை வந்தும் தகவல் ஒழுங்காகப் போயிருக்கிறது. மீதி நாற்பது வேலையில் இருக்கிறது. நகை இன்னும் பேங்கில்தான். தங்கை மகள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. பையன்தான் தினமும் காலண்டரைப் பார்க்கிறான்.