அன்பாக ஊற்றினாலும் அளவு 20 மில்லிதான்



விகிதக் கணக்கு நடத்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் "இது எதுக்கு சார் உதவும்?" என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் நிற்கும் பழைய டிவிஎஸ் 50-க்கு உதவும்.

1980-ல் ஓசூரிலிருந்து வந்த வண்டி அது. கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை, வடகாட்டுப் பலாப்பழம், பின்னால் இரண்டு பிள்ளைகள் என்று நம் மாவட்டத்தில் அது சுமக்காதது இல்லை. 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. அதன்பின் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்கும் வேலையே தெரியாது.

சமீபத்தில் நம் மாணவர் ஒருவர் போன் செய்தார். அவருடைய அப்பா பூ வியாபாரம் செய்து அவரைப் படிக்கவைத்த வண்டி. அப்பா இப்போது இல்லை. "இன்ஜின் போயிடக் கூடாதுன்னு லிட்டருக்கு 60 மில்லி ஊத்துறேன் சார். புகை அள்ளுது, இழுக்க மாட்டேங்குது. கார்புரேட்டர்ல பெட்ரோலைக் குறைச்சு வச்சா சரியாயிடும்ங்கிறாங்க" என்றார். "அதை மட்டும் செய்யாதேப்பா" என்றேன். காரணத்தை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் இன்ஜினுக்கு அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். இரண்டு ஸ்ட்ரோக்கில் அந்த ஏற்பாடு இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாவற்றையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து வெளியேறுகிறது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கூடினால் என்ன ஆகும்? 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. ஜெட்டின் துளை வழியே போகும் கலவையில் நூற்றுக்கு 98 பங்கு பெட்ரோல். 60 மில்லி ஊற்றினால் பெட்ரோல் 94 பங்காகக் குறைந்துவிடும். கலவையும் கெட்டியாகி மெதுவாகப் பாயும். ஆக, ஆயிலைக் கூட்டும்போதே காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் குறைகிறது. பெட்ரோல் குறைந்த கலவை இன்ஜினைச் சூடாக்கும். எரியாத ஆயில் கரியாகி சைலன்சரை அடைக்கும். அதனால் இழுவை போகும்.

புகையைப் பார்த்துப் பெட்ரோல் அதிகம் என்று நினைத்து, கார்புரேட்டரிலும் குறைத்தால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில், பின்னால் மூட்டையோடு போகும்போது, ஆயில் இருந்தும் பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். நோய் ஆயிலில், மருந்து கார்புரேட்டரில் என்றால் எப்படிக் குணமாகும்?

செய்ய வேண்டியது இதுதான். டேங்கில் இருக்கும் பழைய கலவையை இறக்கிவிடுங்கள். உங்கள் வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவைப் பாருங்கள். 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, அரை லிட்டருக்கு 10 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக்கடை சிரிஞ்சில் அளந்து, தனிக் கேனில் குலுக்கிக் கலந்தபின் டேங்கில் ஊற்றுங்கள். 2டி ஆயில் மட்டும் வாங்குங்கள். சைலன்சர் கரியைச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் இருந்தால் நல்லது. கறுத்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயிலோ பெட்ரோலோ இன்னும் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, சூடாகிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கார்புரேட்டரில் கைவைப்பது இதற்கெல்லாம் பிறகுதான். ஆயில் அளவை ஒருபோதும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். அது மாறினால் டியூனிங்கும் மாறிவிடும்.

அப்பா விட்டுச்சென்ற வண்டியைக் காப்பாற்ற வேண்டுமென்ற அந்தத் தம்பியின் மனசு பெரியது. இன்ஜினுக்கு அளவு மட்டும்தான் புரியும்.

உங்கள் வீட்டில் இன்னும் ஓடும் பழைய வண்டி இருந்தால் போட்டோவோடு கமெண்டில் போடுங்கள். பார்க்க ஆவலாக இருக்கிறேன்.