டைப் போடுவியா மச்சான்?

2024-ஆம் ஆண்டு ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை மெட்டா, மைக்ரோசாஃப்ட், ஜெட்பிரெயின்ஸ் என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து பைத்தான் எழுதுபவர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. டைப் ஹின்ட் போடுவீர்களா, எந்தச் செக்கர், எந்த எடிட்டர் என்றெல்லாம் கேள்விகள். 1,083 பேர் பதில் தந்தனர். அதில் 88 சதவீதம் பேர் எப்போதும் அல்லது அடிக்கடி போடுகிறோம் என்றார்களாம்!

டைப் ஹின்ட் என்பது, இது எண், இது எழுத்து என்று வேரியபிள் பக்கத்திலேயே குறித்து வைப்பது. 2015-இல் வந்த பைத்தான் 3.5 முதல் இதற்கு முறையான வழி உண்டு. ஆனால் பைத்தான் அதைச் சரிபார்க்காது. மைபை, பைரைட் போன்ற செக்கரை நாம்தான் ஓட்ட வேண்டும்.

நானும் நம் லேபில் கேட்டுப் பார்த்தேன்.

"டைப் போடுவியா மச்சான்?"

"டைப்ரைட்டிங் கிளாஸா? லோயரோட விட்டுட்டேன்டா."

இன்னொருவன், "போடலன்னா மார்க் கொறைப்பாங்களா? இல்லல்ல, அப்புறம் எதுக்கு?" என்றான். ஒரு தோழி மட்டும், "புள்ளி வெச்சதும் எடிட்டர்ல லிஸ்ட் வருதே, அதுக்காகப் போடறேன்" என்றாள். அந்த 1,083 பேரிலும் பலர் இதே காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

பின் ஏன் அங்கே 88? கேள்வித்தாள் பரவியது ரெட்டிட், மாஸ்டடான் போன்ற இடங்களில். ஆர்வமுள்ளவர்தானே உட்கார்ந்து நிரப்புவார்? ஆம்பூர் பிரியாணிக் கடை வாசலில் நின்று சைவமா, அசைவமா என்று கணக்கெடுத்த கதைதான்.

ஆனால் விஷயம் சிரித்துவிட்டுப் போகக் கூடியதல்ல. என் அத்தை ஆம்பூரில் ஷூ அப்பர் தைப்பவர். பீஸ் ரேட் கூலி. அவருக்கு ஒன்று செய்து காட்டினேன். கீபோர்டில் வாங்கும் எதையும் பைத்தான் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். ஜோடி 12, ரேட் 3 என்று வைத்து, ஜோடியை மாற்றாமல் பெருக்கினால் 36 வராது, 121212 வரும். எரரும் கிடையாது! ஹின்ட் போட்டு மைபை ஓட்டினால், எண் வரவேண்டிய இடத்தில் எழுத்து வருகிறது என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

அத்தை சிரிக்கவில்லை. "இன்னாடா இது, கூடப் போட்டா எல்லாருக்கும் தெரியும். கொறச்சிப் போட்டா யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை என்றால் மிகையாகாது. தோல் கணக்கையே பாருங்கள். ஒரு பில்லில் சதுர அடி, இன்னொன்றில் சதுர டெசிமீட்டர். ஒரு சதுர அடி சுமார் 9.29 சதுர டெசிமீட்டர். இரண்டுமே புள்ளி எண் என்பதால், அடி கேட்கும் இடத்தில் டெசிமீட்டரைக் கொடுத்தாலும் மைபை வாய் திறக்காது. நியூடைப் என்ற வசதியால் அடிக்கு ஒரு பெயர், டெசிமீட்டருக்கு ஒரு பெயர் என்று நாமே பிரித்துக் கொடுத்தால்தான் பிடிக்கும். எந்தச் செக்கர் என்பதைவிட, எதற்கு என்ன பெயர் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. அதைப் பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் தோல் கணக்கு எழுதுபவர்களிடம்தான் கேட்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறேன், யாராவது வருகிறீர்களா?

அத்தையிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் "ஜோ" அல்லது "ரூ" என்று எழுதி வைத்திருக்கிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"இது கூடவா சொல்லிக் கொடுக்கணும்?"