நான் போட்ட பூச்சியம்



போன கிழமை வகுப்பில் ஒரு பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஏனென்று ரெண்டு மூன்று பெற்றோர் கேட்டுவிட்டார்கள். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உயர்தர ஐசீடி பிள்ளைகளுக்கு பைதனில் ஒரு ஒப்படை. 20 பெயர்களைக் கோப்பொன்றில் எழுத வேண்டும், ஒரு வரிக்கு ஒரு பெயர். சின்ன வேலைதான், ஆனால் வருஷா வருஷம் பிள்ளைகள் சறுக்கும் இடம். பிரின்ட் கட்டளை வரியைத் தானாகவே முடித்துவிடும். ரைட் அப்படியில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பேக்ஸ்லாஷ் என் என்று நாமே சேர்க்காவிட்டால் எல்லாப் பெயரும் ரயில் பெட்டி மாதிரிக் கொழுவிக்கொண்டு நிற்கும்.

இந்தப் பையனின் கோப்பை லேபில் திறந்தேன். ரயில் பெட்டிதான். "எத்தனை தரம் சொல்லித் தந்தேன்?" என்று எல்லோர் முன்னாலும் ஏசிவிட்டுப் பூச்சியம் போட்டேன். "ஊட்டுல சரியா வந்திச்சி சேர்" என்றான். நான் காதில் எடுக்கவில்லை.

ரெண்டு நாள் கழித்துப் புள்ளி பதியும்போது அதே கோப்பைத் தவறுதலாக வேர்ட்பேடில் திறந்துவிட்டேன். 20 பெயர், 20 வரி! அவனுடைய நிரலைப் பார்த்தேன். பேக்ஸ்லாஷ் என் இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.

அவன் வீட்டில் கம்பியூட்டர் இல்லை. உம்மாவின் போனில் செய்திருக்கிறான். வித்தியாசம் அங்கேதான். பழைய டைப்ரைட்டரில் வரி முடிந்ததும் கைப்பிடியைத் தள்ளினால் தாள் ஒரு வரி மேலே ஏறும், வண்டியும் வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும். கம்பியூட்டரில் அந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி. தாள் ஏறுவதற்கு 10, வண்டி திரும்புவதற்கு 13. பைதனில் பேக்ஸ்லாஷ் என் எழுதினால் விண்டோஸில் இரண்டும் கோப்பில் விழும். அன்ட்ரொயிட் போனில் 10 மட்டும். 2018க்கு முந்திய நோட்பேடுக்கு இரண்டும் இருந்தால்தான் அது வரி. எங்கள் லேபில் இன்னும் விண்டோஸ் 7.

விடை பிழையென்றால் பிள்ளை வந்த வழியைப் பார் என்று கல்வியியற் கல்லூரியில் படித்தவன் நான். குறிப்பேட்டில் அழகாக எழுதியும் வைத்திருக்கிறேன்.

புள்ளியைத் திருத்தினேன். ஏசிய அதே இடத்தில் நின்று பிழை என்னுடையது என்றேன். "பரவாயில்ல சேர்" என்றவன், "அப்ப ரெண்டுலயும் சரியா வாரத்துக்கு என்ன செய்ற?" என்று கேட்டான். கோப்பைத் திறக்கும் கட்டளையில் நியூலைன் என்றொன்று உண்டு, அதில் ரெண்டு குறியையும் கொடுக்கலாம் என்று காட்டினேன்.

அடுத்த நாள் உம்மாவின் போனிலேயே செய்து கொண்டு வந்தான். லேபின் பழைய நோட்பேடில் எல்லோரும் பார்க்கத் திறந்தேன். 20 வரி.