ஒலக்கூர் ஆறும் காசித் தீர்த்தமும்

ஒலக்கூர் ஸ்டேஷனில் இறங்கி, “சமுத்திரம் பார்க்க வந்தேன்” என்றால் சிரிப்பார்கள். சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஓங்கூர் ஆற்றில் செங்காவி நிறத்தில் புரண்டு ஓடுகிறதே வெள்ளம், அதன் பின்னாலேயே போனால் சமுத்திரம் வந்துவிடும். நானும் போனேன், ஆற்றோடு அல்ல, பஸ்ஸில்!

1760-ல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டைக்குக் கீழே, கழிமுகத்தில் படகு ஏறினேன். துடுப்புப் போட்ட பெரியவர் நடுவழியில் நிறுத்தினார்.

“மேலாக ஒரு கை அள்ளி ருசி பாருங்க, சார்.”

பார்த்தேன். லேசான கரிப்பு, அவ்வளவுதான். பிறகு ஒரு போத்தலைக் கயிற்றில் கட்டி ஆழத்தில் இறக்கித் தூக்கினார். அம்மாடி! அசல் கடல் உப்பு.

உப்புநீர் கனமானது. ஆற்று நீர் பால் ஆடைபோல் மேலே மிதந்து கடலுக்குப் போக, கடல்நீர் ஆப்பு அடித்தாற்போல் அடியில் நுழைந்து உள்ளே வருகிறது. ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓதம் ஏறும். அதே அளவு வற்றும். காம்பே வளைகுடாவில் சுமார் 10 மீட்டர் ஏறுகிற ஓதம், இங்கே அமாவாசை, பௌர்ணமியிலும் சுமார் 1 மீட்டர்தான். அந்த ஒரு மீட்டரை நம்பித்தான் இறாலும் மடவையும் இந்தக் கழியில் வளர்கின்றன.

அப்பால் கடலில் ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் காவி, அந்தப் பக்கம் பச்சை, நடுவே நுரை.

“இப்போ வன்னி வெள்ளம், சார். வடக்கேயிருந்து தெற்கே இழுக்குது. கோடையிலே தெண்டி, தெற்கேயிருந்து வடக்கே போகும்” என்றார்.

அவர் சொன்ன வன்னியை ஆராய்ச்சியாளர்களும் அளந்திருக்கிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பி, கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி கொட்டிய நன்னீரை இலங்கை வரை கொண்டுபோகிறது. அதனால் இந்த மாதங்களில் நம் கடலிலேயே கரிப்பு குறைகிறது. சொன்னேன்.

“அப்போ காசிக்குப் போற செலவு மிச்சம்!” என்றார் பெரியவர்.

சிரிப்பு சட்டென்று அடங்கியது. படகு தரை தட்டிவிட்டது. அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கிறது. ஆற்று வெள்ளமும் வற்றும் ஓதமும் அதை அரித்துத் திறக்கின்றன. அடைபட்டால், 2021-ல் பறவைகள் சரணாலயமான கழுவேலிக்குள் கடல்நீர் ஏறாது, படகும் வெளியேறாது. சுவர் எழுப்பி நிரந்தரமாகத் திறந்து வைத்தாலோ, உப்பு எவ்வளவு உள்ளே ஏறும், மணல் எந்தக் குப்பத்தை விட்டு விலகும் என்ற கேள்வி. ஆலம்பரைகுப்பம், அழகன்குப்பம் துறைமுகத் திட்டம் 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தடைப்பட்டதும் இந்த மாதிரிக் கவலைகளால்தான். படகு நிறுத்த இடமில்லாதவரிடம் இதை எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை.

“இறங்கித் தள்ளலாமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். ஓதம் திரும்பிடுச்சு. கால் மணியிலே அதுவே தூக்கிவிடும்” என்று பீடியைப் பற்றவைத்தார்.