பென்சிலோடு ஒரு கதை

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு. கி.ராஜநாராயணனின் ‘கதவு’ கதையைப் படிச்சியா என்று கேட்டால், “தீர்வை கட்டலைன்னு வீட்டுக் கதவைக் கழட்டிட்டுப் போயிடறாங்க. அவ்ளோதான் மாமா” என்கிறாள். கதவு எதன் குறியீடு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. “வறுமை” என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கையில் பென்சிலைக் கொடுத்தேன். அடுத்தவர் எழுதிய கோடை நான் படிப்பது இப்படித்தான். ஓரிடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன ஆகும் என்று ஊகித்துவிட்டு ஓடவிடுவேன். ஊகம் தப்பும் இடத்தில்தான் விஷயமே இருக்கும்.

தலையாரி கதவைக் கழற்றும் இடத்தில் நிறுத்தினோம்.

“பிள்ளைங்க என்ன செய்யும்?”

“அழும்.”

படித்தாள். அதுகள் அழவில்லை. பஸ் விட்டு விளையாடிய கதவு அது. தூக்கிப்போகிறவர்கள் பின்னாலேயே மேளம் கொட்டுகிற பாவனையில் குஷியாக ஊர்வலம் போகின்றன. ‘லூசா இதுங்க?’ என்று ஓரத்தில் எழுதினாள். கதவில்லாத வீட்டில் குளிர்காற்று புகுந்து கைக்குழந்தை இறந்துபோகும் இடம் வந்ததும், பக்கத்தைத் திருப்பி அதை அழித்தாள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ட்யூ கட்டலைன்னு அப்பா பைக்கை எடுத்துட்டுப் போனப்ப நான் டாட்டா காட்டினேன்ல மாமா?”

அப்போது அவளுக்கு ஐந்து வயது. அன்று அக்கா என்னை மூன்று முறை அழைத்திருந்தாள். நான் மீட்டிங்கில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

“இன்னும் கதை முடியலை, படி” என்றேன்.