புதுக் காரும் பழைய மௌனமும்

என் மகன் புதுக் கார் வாங்கினான். சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தோம். “புது வண்டியில் என்ன பழுது வரும்?” என்றாள் மனைவி. என் மனமோ அமெரிக்காவுக்குச் சென்றது.

அங்கே 2015ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் ஏறக்குறைய 4 இலட்சத்து 70 ஆயிரம் கார்களைத் திருப்பியழைத்தது. இயந்திரம் செய்தபோது எஞ்சிய உலோகத் துகள்கள் எண்ணெயின் வழியை அடைத்தன. எண்ணெயின்றித் தாங்கிகள் தேய்ந்தன. உள்ளே தண்டு முறிந்து இயந்திரத்தைத் துளைத்தால், சிந்தும் எண்ணெய் சூட்டிற் பட்டுத் தீப்பற்றும்.

கொரியப் பொறியியலாளர் கிம் குவாங் ஹோ 2016இல் இக்குறைகளை அமெரிக்கப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் அறிவித்தார், வேலையை இழந்தார். விசாரணையின் முடிவில், 2020இல், ஹூண்டாயும் கியாவும் 21 கோடி டொலர் தண்டத்துக்கு உடன்பட்டன. மறு ஆண்டில் அவருக்கு 2 கோடியே 40 இலட்சம் டொலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

நானோ, இளமையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது, பிறேக் தேய்ந்த லொறி வெளியேறக் கண்டும் முதலாளிக்கு அஞ்சி வாய் திறவாதிருந்தேன். லொறி பத்திரமாகத் திரும்பியது. ஆயினும் அன்றிரவு நான் உறங்கவில்லை.

மகனிடம் சொன்னேன்: “தம்பி, எண்ணெய் விளக்குச் சிவந்தால் உடனே வண்டியை நிறுத்து. பிழை கண்டால் வாய் திறந்து சொல். அப்பா சொல்லாமல் விட்டது ஒன்று போதும்.”